தேடலில் எந்த ஃபில்டர் போட்டிருக்கிறது என்று பக்கமே சொல்லட்டும்

சிங்கப்பூரில் எங்கள் வாசகர் குழுவுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. புத்தகங்கள் எல்லாம் உறுப்பினர்களின் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில்தான் இருக்கின்றன. யீஷூனில் ஓர் அலமாரி, தெம்பனிஸில் இரண்டு, ஜூரோங் வெஸ்ட்டில் ஒருவர் வீட்டு பாம் ஷெல்டர் (குண்டுவீச்சில் ஒதுங்கும் சிறு அறை) முழுக்கப் புத்தகம். வேண்டியவர் எங்கள் இணையப் பக்கத்தில் தேடி, வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப் செய்து, இருவருக்கும் தோதான எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வாங்கிக்கொள்வார். வீட்டு முகவரி எதுவும் பக்கத்தில் வராது, நிலையத்தின் பெயர் மட்டும் வரும். பட்டியலில் சில ஆயிரம் தலைப்புகள் இருக்கின்றன. பைத்தானில் எழுதிய சின்னச் செயலி, பின்னால் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம். அவ்வளவுதான் முழு ஏற்பாடும்.

அந்தத் தேடல் பக்கத்தின் மேல்தான் ஓயாத புகார். "இந்தப் புத்தகம் நம்மகிட்ட இல்லையா?" என்று ஒருவர் குழுவில் கேட்பார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் அதே புத்தகத்தைத் தன் அலமாரியிலிருந்து எடுத்து அட்டையைப் படம்பிடித்துப் போடுவார். கேட்டவர் தேடாமல் கேட்கவில்லை. தேடித்தான் பார்த்தார். அவர் திரையில் 'புத்தகம் எதுவும் இல்லை' என்றுதான் வந்தது.

உட்லண்ட்ஸ் அக்கா ஒருவரின் கைப்பேசியை நான் வாங்கிப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. தேடல் பெட்டியில் தலைப்பைச் சரியாகத்தான் அடித்திருந்தார். கைப்பேசியில் ஃபில்டர் பலகை, அதாவது முடிவுகளை வடிகட்டும் தேர்வுகள் உள்ள இடம், மூடியே இருக்கும், மூலையில் ஒரு புனல் படத்தைத் தட்டினால்தான் திறக்கும். திறந்தேன். வட்டாரம் என்ற பகுதியில் 'தெம்பனிஸ்' டிக் ஆகியிருந்தது. "நான் எப்பப்பா தெம்பனிஸ் போட்டேன்?" என்றார். போன மாதம் மகள் வீட்டுக்குப் போனபோது போட்டிருக்கிறார். பழைய தேர்வுகளை பிரவுசரில் சேமித்து, அடுத்த முறை தானாகவே போட்டுவிடும்படி பக்கம் எழுதப்பட்டிருந்தது. வசதி என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள்.

தெம்பனிஸை எடுத்துவிட்டோம். அப்போதும் புத்தகம் வரவில்லை. இரண்டாவது காரணம் பலகையிலேயே கிடையாது. யாராவது இரவல் வாங்கிப்போன புத்தகத்தைப் பட்டியலில் காட்டவே கூடாது என்று சர்வரில் உள்ள தேடல் வரியிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. 'கைவசம் உள்ளவை மட்டும்' என்று ஒரு ஃபில்டர் ஓடுகிறது என்பதே பயனருக்குத் தெரியாது. அதை எடுத்துவிட அவருக்கு வழியும் கிடையாது.

போட்டிருக்கும் ஃபில்டர்களை முடிவுகளுக்கு மேலே சின்னச் சின்னச் சிப்புகளாக (பெயர் எழுதிய சிறு பட்டைகளாக) காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு × வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். ஷாப்பிங் பக்கங்களில் எல்லோரும் பார்த்ததுதானே. பயனர் தானாக டிக் செய்ததை அப்படிக் காட்டுவது சுலபம். அவர் டிக் செய்யாமலே ஓடுவதைக் காட்டுவதில்தான் வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் காட்ட வேண்டியதே அதைத்தான்.

கோடில் கை வைப்பதற்கு முன், ஃபில்டரின் நிலை எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினேன். பலகையின் டிக் பெட்டிகளில் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாறியில் இன்னொன்று. பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் மூன்றாவது. சர்வரின் தேடல் வரியில் நான்காவது. நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பலகையைத் திறந்து டிக் செய்துவிட்டுத் 'தேடு' அழுத்தாமல் மூடினால், டிக் பெட்டி ஒன்று சொல்லும், முடிவுகள் வேறொன்று சொல்லும். டிக் பெட்டிகளைப் பார்த்துச் சிப் வரைந்திருந்தால் அந்தச் சிப்பும் பொய்தான் சொல்லியிருக்கும்.

அதனால் இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, பயனர் தேர்ந்தெடுத்தது எல்லாம் பக்கத்தின் முகவரியில், கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில் மட்டும் இருக்கும். டிக் பெட்டிகளும் அதைப் பார்த்துத்தான் தங்களை அமைத்துக்கொள்ள வேண்டும். அதை வாசிக்கவும் மாற்றவும் பிரவுசரிலேயே யூஆர்எல்-சர்ச்-பேரம்ஸ் என்ற வசதி இருக்கிறது, தனி நூலகம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது முடிவுதான் முக்கியம். சர்வர் முடிவுகளை அனுப்பும்போது, அந்த முடிவுகளுக்கு உண்மையில் எந்தெந்த ஃபில்டரைப் பயன்படுத்தியது என்ற பட்டியலையும் கூடவே அனுப்பும். சிப்புகளை அந்தப் பட்டியலிலிருந்து மட்டுமே வரைவேன். சர்வரில் நாளை யாராவது புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்தாலும் அது அந்தப் பட்டியல் வழியாகத்தான் போக வேண்டும். தேடல் வரியைக் கட்டும் ஃபங்ஷனே பட்டியலையும் கட்டுகிறது. நிபந்தனையைச் சேர்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்க முடியாதபடி இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. × தட்டினால் சர்வரின் பதில் வரும்வரை சிப் அங்கேயே நிற்கும். நல்ல வைஃபையில் தெரியாது. ரயில் சுரங்கத்துக்குள் சிக்னல் திணறும்போது ஒரு விநாடி இரண்டு விநாடி ஆகும். 'தட்டியது பதியவில்லையோ' என்று மறுபடி தட்டுவார்கள். ஆகவே தட்டியதும் சிப் மங்கலாகும், பதில் வந்ததும் மறையும். அடுத்தடுத்து இரண்டு சிப்பைத் தட்டினால் வேறொரு சிக்கல் வரும். முதல் கோரிக்கையின் பதில் தாமதமாக, இரண்டாவதற்குப் பிறகு வந்து சேர்ந்து, நீக்கிய சிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். புதிய கோரிக்கை கிளம்பும்போது பழையதை பிரவுசரின் அபார்ட்-கன்ட்ரோலர் என்ற வசதி கொண்டு ரத்து செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

லோக்கல் ஸ்டோரேஜில் வட்டாரத்தைச் சேமிப்பதை அடியோடு எடுத்துவிட்டேன். 'எனக்கு எப்போதும் யீஷூன்தான் வேண்டும்' என்று ஒருவர் முறையிட்டார். முகவரியை புக்மார்க் செய்துகொள்ளச் சொன்னேன். நிலை முழுக்க முகவரியில் இருப்பதால் அது அப்படியே வேலை செய்கிறது.

'கைவசம் உள்ளவை மட்டும்' கதை கொஞ்சம் நீண்டது. அதையும் நீக்கிவிடலாம் என்றுதான் சொன்னேன். புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இரவலில் போன புத்தகத்துக்கெல்லாம் வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கும் என்றார்கள், அதுவும் நியாயம்தான். சரி, இருக்கட்டும், ஆனால் மற்ற ஃபில்டர் மாதிரியே அதுவும் சிப்பாகத் தெரிய வேண்டும், அதிலும் × இருக்க வேண்டும் என்று முடிவானது. இங்கே ஒரு நுணுக்கம். முகவரியில் எதுவும் இல்லாவிட்டால் இந்த ஃபில்டர் ஓடும். அப்படியானால் பயனர் அதை நீக்கியதை முகவரியில் எப்படிக் குறிப்பது? மற்ற ஃபில்டரை நீக்கினால் முகவரியிலிருந்து ஒரு துண்டு குறையும். இதை நீக்கினால் 'நிலை = எல்லாம்' என்று ஒரு துண்டு கூட வேண்டும். எல்லாச் சிப்புக்கும் ஒரே நீக்கும் ஃபங்ஷன் போதும் என்று எழுத ஆரம்பித்தால் இந்த இடத்தில் உடையும். அதனால் 'இந்தச் சிப்பை நீக்கினால் முகவரி என்னவாகும்' என்பதையும் சர்வரே ஒவ்வொரு சிப்போடும் அனுப்புகிறது. × என்பது அந்த முகவரிக்குப் போகும் சாதாரண இணைப்பு. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் வேலை செய்யும்.

அடுத்தது சிப்பில் என்ன எழுதுவது. வெறும் மதிப்பை மட்டும் எழுதினால் குழம்பும். 'இலங்கை' என்று ஒரு சிப். எழுத்தாளர் இலங்கைக்காரரா, புத்தகம் அங்கே அச்சானதா, கதை அங்கே நடக்கிறதா? 'தமிழ்' என்பதும் அப்படித்தான், மொழியா பாடமா என்று தெரியாது. பகுதியின் பெயரை ஒவ்வொரு சிப்பிலும் போட்டால் இடம் போதாது. ஆகவே ஒரு பகுதியின் சிப்புகளை ஒன்றாக வைத்து, முன்னால் ஒரே ஒரு தடவை பெயரைப் போட்டேன். 'வகை' என்று சாம்பல் நிறத்தில், பிறகு சிறுகதை, கவிதை என்று இரண்டு சிப். வெளியான ஆண்டுக்கு 'முதல்', 'வரை' என்று இரண்டு பெட்டிகள் இருந்தாலும் சிப் ஒன்றுதான்: 1990–1999. பாதியை மட்டும் நீக்கி யாருக்கும் பயனில்லை.

பாதை ஃபில்டரில் ஒரு கேள்வி வந்தது. புத்தகம் இருக்கும் நிலையம் எந்த எம்ஆர்டி பாதையில் இருக்கிறது என்று தேர்ந்தெடுக்கலாம். வேலைக்குப் போகும் வழியிலேயே வாங்கிக்கொள்ள வசதி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்', வடகிழக்குப் பாதையையும் டௌன்டவுன் பாதையையும் டிக் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ரெண்டும் சந்திக்கிறது லிட்டில் இந்தியாவும் சைனாடவுனும்தானே. பொங்கோல் ஏன் வருது?" என்றார். கேட்டது தர்க்கப்படி சரி. ஒரே பகுதிக்குள் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் இதுவோ அதுவோ என்றும், வெவ்வேறு பகுதிகளில் தேர்ந்தெடுத்தால் இரண்டும் பொருந்த வேண்டும் என்றும்தான் பெரும்பாலான தேடல் பக்கங்கள் எடுத்துக்கொள்கின்றன. எங்களுடையதும் அப்படியே. ஆனால் அதைத் திரையில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. இப்போது ஒரே பகுதியின் சிப்புகளுக்கு நடுவில் 'அல்லது' என்று சின்ன எழுத்தில் வருகிறது. சார் அதன்பிறகு கூப்பிடவில்லை.

பாதைச் சிப்புகளுக்கு அந்தந்தப் பாதையின் நிறத்தையே பின்னணியாகப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வடக்கு-தெற்குக்குச் சிவப்பு, கிழக்கு-மேற்குக்குப் பச்சை, வடகிழக்குக்கு ஊதா. பார்க்க அழகாகத்தான் இருந்தது, வட்டப் பாதை வரும்வரை. மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து வாசிக்கவே முடியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை நெறி. மஞ்சளும் வெள்ளையும் அதன் கிட்டக்கூட வராது. கறுப்பு எழுத்து, வெளிர்ப் பின்னணி, முன்னால் பாதையின் நிறத்தில் ஒரு புள்ளி என்று முடித்தேன்.

தமிழுக்கென்றே வந்த வேலைகள் தனி. முகவரியில் 'சிறுகதை' என்று தமிழிலேயே போட்டுப் பார்த்தேன். பிரவுசரின் பட்டையில் அழகாகத் தெரியும். ஆனால் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எண்களுமாகக் கொட்டும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது. 'சிறுகதை'யில் கொம்பு, சுழி எல்லாம் சேர்த்து ஏழு குறி, 63 எழுத்து. 'மொழிபெயர்ப்பு' என்றால் 117. மூன்று ஃபில்டர் போட்ட இணைப்பு குழுவில் அரைத் திரையை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மதிப்புக்கும் ரோமன் எழுத்தில் ஒரு குறுங்குறியீடு கொடுத்து, அதை மட்டும் முகவரியில் வைத்தேன். சிப்பில் காட்டும் தமிழ்ப் பெயரை சர்வர் தரும். பின்னால் வகையின் பெயரைத் திருத்தினாலும் பழைய இணைப்புகள் உடையாது.

எழுத்தாளர் ஃபில்டரில் நா. கோவிந்தசாமி இரண்டு முறை வந்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் புத்தகம், மற்றதைத் தேர்ந்தெடுத்தால் மீதி. சிப்பில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. காரணம் 'கோ'. யூனிக்கோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். பழைய எழுத்துரு முறைகளில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் சேமிப்பார்கள். எங்கள் பட்டியலின் ஒரு பகுதி அந்தக் காலத்துக் கோப்பிலிருந்து சரியாக மாற்றப்படாமல் வந்தது. சிங்கப்பூர்த் தமிழ்க் கணிமையின் முன்னோடி ஒருவரின் பெயரிலேயே இது மாட்டியதைச் சொன்னபோது குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். 1997-இல் தமிழ்நெட் 97 கருத்தரங்கை இந்த ஊரில் முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

இதற்குத் தீர்வு எளிது. பட்டியலில் சேமிக்கும்போதும் தேடல் சொல்லை வாங்கும்போதும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓட்டினால் பிரிந்திருக்கும் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். பைத்தானில் ஒரே வரி. ஔகாரம் மட்டும் அப்படி வசப்படாது. 'மௌனம்' என்று எழுத வேண்டிய இடத்தில் எகரக் கொம்பும் 'ள' என்ற முழு எழுத்தும் போட்டு 'மெளனம்' என்று அடித்திருப்பார்கள். அந்த 'ள' யூனிக்கோடைப் பொறுத்தவரை வேறு எழுத்து, இயல்பாக்கம் அதைத் தொடாது. கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்றலாம் என்று இறங்கினால் 'வெளி'யும் 'தெளிவு'ம் நாசமாகும். பெயர்களையும் தலைப்புகளையும் கண்ணால் பார்த்து, மாற்ற வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டுத் திருத்தினோம். சார்தான் பெரும்பகுதியைச் செய்தார்.

தோற்றத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிப்பின் உயரத்தை இறுக்கிப் பிடித்து வழிவதை மறைத்தால், மேலே 'கி'யின் வளைவும் கீழே 'கு'வின் சுழியும் வெட்டுப்படும். வரி உயரம் 1.6 வைத்தேன். நீளமான பெயரை எழுத்து எண்ணி வெட்டக் கூடாது, 'தொ' நடுவில் அறுந்து வெறும் 'த' என்று நிற்கும். நான் வெட்டவே இல்லை, அடுத்த வரிக்கு மடங்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிப்புகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் ஒரே வரிசையாக வைப்பதும் பல செயலிகளில் உண்டு. 'மேலும் 4' என்று சுருக்குவதும் உண்டு. இரண்டும் வேண்டாம் என்றேன். திரைக்கு வெளியே போன சிப் பழைய புனல் படத்துக்குள் ஒளிந்திருந்த ஃபில்டர் மாதிரிதான்.

× மட்டும் தட்டும் இடமாக இருந்தால் வயதானவர்களுக்குச் சிரமம். டபிள்யூசிஏஜி 2.2, 2023 அக்டோபரில் வந்தது, தட்டும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்ஸல் இருக்கட்டும் என்கிறது. கட்டை விரலுக்கு அதுவும் போதாது என்பது என் எண்ணம். சிப் முழுவதையும் தட்டும் இடமாக்கி உயரத்தை 44 ஆக்கினேன். × என்பது பெருக்கல் குறி, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அப்படியே சொல்லிவைக்கும். அதை மென்பொருளின் காதிலிருந்து மறைத்து, 'வகை: சிறுகதை, நீக்கு' என்று கண்ணுக்குத் தெரியாத பெயர் கொடுத்தேன். சிப் மறைந்ததும் ஃபோகஸ் (மென்பொருள் அப்போது நிற்கும் இடம்) பக்கத்தின் உச்சிக்கு ஓடிவிடாமல் அடுத்த சிப்புக்குப் போக வேண்டும். சிப்பே மிஞ்சவில்லை என்றால் முடிவுகளின் தலைப்புக்கு. எத்தனை புத்தகம் என்ற வரியை நிலைச் செய்தியாகக் குறித்துவிட்டதால், மாறும்போதெல்லாம் மென்பொருள் தானாக வாசிக்கிறது.

பின்செல் பொத்தான் பற்றி ஒரு வார்த்தை. சிப்பை நீக்கினாலோ டிக் செய்தாலோ புஷ்ஸ்டேட், அதாவது பிரவுசரின் வரலாற்றில் புதிதாக ஒரு படி. தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யும்போது ரிப்ளேஸ்ஸ்டேட், இருக்கும் படியையே மாற்றுவது. இல்லாவிட்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடவை பின்னால் போக வேண்டியிருக்கும்.

முடிவு எதுவும் இல்லாதபோது என்ன காட்டுவது என்பதில்தான் எனக்கு அதிகம் திருப்தி. 'புத்தகம் எதுவும் இல்லை' என்பதோடு நிறுத்தாமல், போட்டிருக்கும் ஒவ்வொரு ஃபில்டரையும் தனித்தனியாக எடுத்துவிட்டு சர்வர் எண்ணிப் பார்க்கிறது. சில ஆயிரம் வரிகள்தான், எஸ்க்யூலைட்டுக்கு அது ஒரு வேலையே இல்லை. முதலில் 'யீஷூனை நீக்கினால் 6 புத்தகங்கள்' என்று காட்டலாம் என்று தோன்றியது. ஆனால் பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டும் வேலையை நிரலிடம் விட்டால் 'தெம்பனிஸ்ஐ', 'கவிதைஐ' என்று வரும். உருபே தேவைப்படாத மாதிரி மாற்றிவிட்டேன்: 'யீஷூன் இல்லாமல்: 6 புத்தகங்கள்'. எந்தப் பெயர் வந்தாலும் பிழை வராது. ஒன்றுக்குப் 'புத்தகம்', மற்றதற்குப் 'புத்தகங்கள்' என்பதை பிரவுசரின் பன்மை விதியே பார்த்துக்கொள்கிறது. எடுத்தாலும் பூஜ்யம்தான் என்றால் அந்த வரி வராது. அதனால் பெரும்பாலும் தெரிவது ஒரே ஒரு வரி, அதைத் தட்டினால் புத்தகம்.

'எல்லாவற்றையும் நீக்கு' என்பது தேடல் சொல்லைத் தொடாது, ஃபில்டர்களை மட்டும் எடுக்கும், 'கைவசம்' உட்பட. தேடல் சொல்லையும் சிப்பாகக் காட்டச் சொன்னார்கள், அது பெட்டியிலேயே தெரிகிறதே என்று மறுத்துவிட்டேன். வரிசைப்படுத்தும் முறையைச் சிப்பாக்கவும் கேட்டார்கள். வரிசை எந்தப் புத்தகத்தையும் மறைப்பதில்லை, அதற்குச் சிப் எதற்கு?

கடைசியாக வந்தது அச்சு. மாதக் கூட்டத்துக்கு சார் பட்டியலைத் தாளில் எடுத்து வருவார், சமூக மன்ற அறையில் எல்லோரும் பார்க்க. தாளில் ஃபில்டர் எதுவும் வராது என்பதால், அது முழுப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு 'இவ்வளவுதான் இருக்கா?' என்று கேட்டார்கள். அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் (தோற்ற விதிகளில்) × குறிகளை மறைத்து, சிப்புகளை ஒரே வரியாகத் தாளின் தலைப்பில் வரும்படி செய்தேன்: 'வகை: சிறுகதை அல்லது கவிதை. பாதை: வடகிழக்கு. கைவசம் உள்ளவை மட்டும்.' பக்கத்தில் எடுத்த தேதியும் வருகிறது. சார் அதோடு எழுத்தைப் பெரிதாக்கவும் சொல்லியிருக்கிறார், அடுத்த கூட்டத்துக்குள் செய்துவிட வேண்டும்.